வண்டிய நிறுத்திட்டு வருவான்

நர்ஸ்: கைய நீட்டுங்க ஐயா. ரத்தம் எடுக்கணும்.

பிளம்பர்: அந்த வாஷ்பேசின் குழாய் சொட்டுது பாருங்க. வாஷர் போயிருக்கு.

நர்ஸ்: உங்க தொழில் புத்தி விடாதே! கூட யாரு வந்திருக்கா?

பிளம்பர்: பையன். கீழ வண்டிய நிறுத்துறான்.

நர்ஸ்: நாலு மாசம் முன்னாடியும் இதத்தான் சொன்னீங்க. இன்னுமா எடம் தேடுறாரு?

பிளம்பர்: இங்க எடம் கெடைக்கறது குதிரைக் கொம்பும்மா... அத விடுங்க. அன்னைக்கு நெஞ்சுக் குழாய்ல வச்ச ஸ்டென்ட் அதுக்குள்ள எப்படி அடைச்சுது? நான் போட்ட குழாய் நாலு மாசத்துல அடைச்சா தொலைச்சிடுவாங்க.

நர்ஸ்: வேலையில குத்தமில்ல. ஸ்டென்ட் வைக்கும்போது ரத்தக்குழாய்க்குள்ள சின்னதா காயம் ஆகும். அது ஆறணும். உங்களுக்கு ஆறி முடிஞ்சும் நிக்கல. தழும்பு வளந்து வளந்து வழிய அடைச்சிருச்சு.

பிளம்பர்: காயம் ஆறுறதுமா ஒரு வியாதி?

நர்ஸ்: சிலருக்கு அது பரம்பரையா வரலாம்ங்கறாங்க. அதக் கண்டுபிடிக்க இங்க ஆராய்ச்சி பண்றாங்க, இந்த ரத்தமும் அதுக்குத்தான். உங்க பையனுக்கும் அப்படி இருந்தா, டாக்டருக்கு முன்னாடியே தெரியணுமில்ல? இந்த ஃபாரத்துல ஒரு டிக் போடுங்க. 'என் விவரத்தைக் குடும்பத்தாருக்குச் சொல்லலாம்.' போன தடவை காலியா விட்டுட்டீங்க.

பிளம்பர்: அப்புறம் போடறேன்.

நர்ஸ்: இருங்க, அவரையே மேல வரச் சொல்றேன். நம்பர் எழுதியிருக்கீங்களே...

பிளம்பர்: வேணாம்மா, அவன் வண்டி ஓட்டிக்கிட்டு...

நர்ஸ்: ஐயா... போன் உங்க பையிலதான் அடிக்குது.

பிளம்பர்: என் பழைய போன். தனியா வந்தவனச் சேத்துக்க மாட்டேன்னாங்க. யாரையாவது எழுதணுமே.

நர்ஸ்: பையன் எங்க?

பிளம்பர்: தெரியாது. எட்டு வருஷமாச்சு. எங்கூடத்தான் வேலை பாத்தான். ஒரு வீட்டுல ஜாயின்ட் ஒழுகிச்சு. வீட்டுக்காரங்க முன்னாடி அவனத் திட்டி, 'என் முகத்துலயே முழிக்காதே'ன்னுட்டேன். ஒழுகினது... நான் போட்ட ஜாயின்ட்.

நர்ஸ்: அவருக்குத் தெரியுமா?

பிளம்பர்: தெரியும். வாயே தொறக்கல. அப்படியே போயிட்டான். இப்ப வீட்டுல குழாய் சொட்டினாக்கூட நான் சரி பண்றதில்ல. ஏதோ ஒரு சத்தம் இருக்கட்டும்னு.

நர்ஸ்: டிக் போடுங்க ஐயா.

பிளம்பர்: போட்டா மட்டும் யார் போய் அவங்கிட்ட சொல்லுவா?

நர்ஸ்: நீங்க போடுங்க, சொல்றேன்.

பிளம்பர்: இந்தாங்க... போட்டாச்சு. அவனுக்காவது இது வராம இருக்கட்டும்.

நர்ஸ்: ரெண்டு பேரும் டிக் போட்டாத்தான் நான் சொல்லலாம். அவரு போன மாசமே போட்டுட்டாரு. இதே கட்டில்தான். அவருக்கும் ஸ்டென்ட் அடைச்சிருச்சு, அடைப்ப எடுத்துவிட்டாச்சு, இப்ப நல்லா இருக்காரு. அப்பா பேருன்னு உங்க பேர எழுதியிருந்தாரு. 'கூட யாரு வந்திருக்கா'ன்னு கேட்டேன்... 'அப்பா. கீழ வண்டிய நிறுத்துறாரு'ன்னாரு.