தெளிந்த படம் போதாது என்றவருக்கு

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில், முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காது உழைத்து, இன்று ஓய்வு காணும் எங்கள் இதயப் பிரிவின் மூத்த தொழில்நுட்பர் மங்களாம்பிகை அம்மையாரே! வணக்கம்! நேருக்கு நேர் புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகவே அவையோரிடம் சொல்வதாகவே இதை வாசிக்கிறோம்.

எக்ஸ்ரே அறையில் பணியேறி, வெளிநாட்டுக் கருவிகள் வரிசை கட்டி வந்திறங்கிய காலத்தில் ஒவ்வொன்றையும் விடாமல் கற்றுத் தேர்ந்தவர் அம்மையார். ஆஞ்சியோ படம் இரத்தம் ஓடும் வழியைக் காட்டும். அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்னும் வலைச்சுருள் இரத்தக்குழாயின் சுவரோடு ஒட்டியதா என்பதைக் காட்டாது என்பார். அதை அவர் கற்ற விதம் கொடிது. அவரும் சேர்ந்து "படம் நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பிய பாபநாசத்து வீரையன், ஒன்பதாம் நாள் ஸ்டென்டில் இரத்தம் உறைந்து இறந்தார். அந்தப் பழியை அம்மையார் யார் தலையிலும் கட்டவில்லை.

மறு ஆண்டு, 2014. மகள் ஹஃப்ஸாவின் நிக்காஹுக்காகத் துபாயிலிருந்து அதிராம்பட்டினம் வந்திருந்த ஹஸ்ஸான், நெஞ்சுவலியோடு எங்கள் சிகிச்சை மேசையில் கிடந்தார். ஸ்டென்ட் வைத்தாயிற்று, படம் பளிச்சென்றிருந்தது, மருத்துவர் புகழேந்தி கையுறையைக் கழற்றினார்.

"சார், உள்ள ஒரு தடவை பாத்துடலாங்க," என்றார் அம்மையார்.

"படந்தான் சுத்தமா இருக்கேம்மா! போதும், எறக்குங்க."

"பாக்காம அனுப்ப எனக்கு மனசு வரலைங்க சார்."

வேலை போனாலும் போகட்டும் என்று நின்றார். இரத்தக்குழாய்க்குள் செலுத்திப் பார்க்கும் கருவிகள் இரண்டு இருந்தன; புதிதாய் வந்த ஒளிக்கதிர்க் கருவி இன்னும் கூர்மையாகக் காட்டும். ஆனால் அதற்குச் சிறுநீரகத்தை வருத்தும் படச் சாயத்தை இன்னும் செலுத்த வேண்டும். ஹஸ்ஸானின் சிறுநீரகமோ நலிந்திருந்தது. எனவே சாயம் கேட்காத ஒலியலைக் கருவியை எடுத்து நீட்டினார். திரையில் தெரிந்தது: ஸ்டென்ட் பாதிதான் விரிந்திருந்தது! ஸ்டென்டுக்குள் பலூனை மீண்டும் ஊதி விரித்துச் சரிசெய்தோம். அடுத்த வாரம் ஹஸ்ஸான் தாமே அமர்ந்து மகளை மணமுடித்துக் கொடுத்தார்.

அன்றைய அறிக்கையில், "மருத்துவர் ஐயமுற்று மறுபடி பரிசோதித்தார்" என்று எழுதப்பட்டது. அதைப் படித்த அம்மையார், அடுத்த நோயாளிக்கு மேசையைத் தயார்செய்யப் போனார். எழுதியவருக்கு இன்றுவரை அது உறுத்துகிறது.

அன்பும் அஞ்சாமையும் ஒருங்கே வாய்த்த அம்மையாரே! நோயின்றி, நொடியின்றி, பேரன் பேத்தியரோடு நெடுங்காலம் வாழ்க! சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்போகும் இம்மடலில் அந்த அறிக்கையைத் திருத்தி எழுதுகிறோம்: ஐயமுற்றவர் மருத்துவர் அல்லர்; மங்களாம்பிகை.

இங்ஙனம்,
அறிக்கையையும் இம்மடலையும் எழுதிய
மருத்துவர் புகழேந்தி
மற்றும் இதயப் பிரிவு ஊழியர்கள்
தஞ்சாவூர், 2019