முப்பத்தாறு திருப்பங்களின் கணக்கு

சந்தவாசல் தந்த செல்வரே! எண்களை ஏவல்கொண்ட ஏந்தலே! முப்பத்துமூன்று ஆண்டுகள் படைக்குப் பணிபுரிந்து இன்று விடைபெறும் புள்ளியியல் அதிகாரி திரு. தாண்டவராயன் அவர்களே! ஜமுனாமரத்தூர் வாகனச் சோதனை முகாம் உங்களை வணங்குகிறது.

சபையோர் அறிய ஒன்று சொல்கிறோம். பாரம், மைல், எரிபொருள், பழுது எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்துக்குள் அடக்கி, பத்தாண்டில் படைக்கு எந்த வண்டி எத்தனை வேண்டும் என்று ஐயா சொன்னபோது நாங்கள் வாய்பிளந்து நின்றோம். 1979இல் அந்தச் சூத்திரம், குட்டை லாரியைவிட நீள லாரியே சிக்கனம், அறுநூறு வாங்கலாம் என்றது. அறிக்கை கையெழுத்தாகி டெல்லிக்குப் போயிற்று.

மறுவாரம், சந்தைக்குப் புளி கொண்டுவந்த அம்மாக்கண்ணுவிடம், உங்கள் ஊர் எத்தனை மைல் என்று ஐயா பேச்சுவாக்கில் கேட்டார்.

“மைலு இன்னாத்துக்குங்க? முப்பத்தாறு திருப்பம். நாங்க திருப்பத்தத்தான் எண்ணுவோம்,” என்றார் அந்த அம்மாள்.

 ஐயாவின் சூத்திரத்தில் மைல் இருந்தது, திருப்பம் இல்லை. உடனே ஓட்டுநர் வேடியப்பனுடன் இரண்டு லாரிகளையும் மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தார். குட்டை லாரி ஒரே மூச்சில் திரும்பிய வளைவில் நீள லாரி மூன்று முறை பின்வாங்கியது. ஒவ்வொரு முறையும் அதன் பின்சக்கரம் பள்ளத்தின் விளிம்புக்குப் போய் வந்தது.

எங்கள் வெட்கத்தையும் இங்கே எழுதிவிடுகிறோம். “பதவி உயர்வு வர்ற நேரம் சார், வாயத் தொறக்காதீங்க,” என்று தடுத்தவர்கள் நாங்களேதான்.

“வண்டி கவுந்தா உள்ள இருக்கறவன் யாருய்யா? நீயா, நானா?” என்று கேட்டுவிட்டு ஐயா ரயிலேறினார். பெரிய அதிகாரிகள் முன்னால் நின்று, தம் கணக்கு தவறு என்று தாமே சொன்னார். பதவி உயர்வு போனது போனதுதான். பத்து மாதம் மலைமலையாக வளைவுகளை எண்ணிப் புதிய சூத்திரம் எழுதினார். படை குட்டை லாரிகளையே வாங்கியது.

ஐயா! சென்ற பனிக்காலத்தில் வடக்கே ஒரு கணவாயில் பாதை சரிந்தது. அதில் ஏறிக்கொண்டிருந்த படையின் குட்டை லாரிகள் நாற்பத்திரண்டும் அந்தக் குறுகலிலேயே திரும்பிக் கீழே வந்தன. ஓட்டுநர் ஒருவருக்கும் கீறல் இல்லை. அவர்கள் உங்களைப் பார்த்ததில்லை, உங்கள் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சார்பிலும் சேர்த்து வாழ்த்துகிறோம்: நோயறியாது, நூறு கடந்து, நிறைவோடு வாழ்க நீங்கள்!

அன்று தடுத்து, இன்று தலைகுனிந்து வணங்கும்
முகாம் ஊழியர்கள்
ஜமுனாமரத்தூர், 31.5.1984