புகைக்கூண்டு

– மேஸ்திரி, கத்தாதீங்கன்னு சொல்றேன்ல! கத்துனாலும் யாருக்கும் கேக்காது. சுத்திலும் முந்திரிக்காடு.

– கத்தாம என்னா தாயி பண்றது? உங்க வூட்டுப் புகைக்கூண்டுக்குள்ள நின்னுக்கிட்டிருக்கேன். காலுக்குக் கீழ வழி அடைச்சாச்சு, தலைக்கு மேல கம்பி போட்டாச்சு. கத்துறதுக்கு மூச்சு எங்க இருக்கு? இது மொனகல்.

– ஆளில்லாத வூட்டுல செவுத்துக்குள்ளேருந்து ‘அம்மா’ன்னு கொரலு வந்தா எப்படி இருக்கும்? ரசச்சட்டிய அப்படியே கீழ போட்டுட்டேன். நீங்க எப்ப உள்ள வந்தீங்க?

– காலையில ஆறு மணிக்கு. கொல்லக்கதவு தொறந்து கெடந்துச்சு. எப்பவும் போல செருப்பக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு வந்தேன், நேரா அடுப்புக்குள்ள பூந்து ஏறிட்டேன். உங்க வூட்டுக்காரரு குளிக்கிற சத்தம் கேட்டுச்சு. குளிக்கிற மனுசன என்னாத்துக்குக் கூப்புடணும்?

– இன்னைக்கு வேலை வேணாம்னு ராத்திரி உங்களுக்குப் போன் போட்டு, கெடைக்கலன்னு மெசேஜும் அனுப்புனாரே.

– என் போனு தண்ணித் தொட்டியில விழுந்து மூணு நாளாச்சு. என் பொண்டாட்டி அதை அரிசிப் பானையில பொதைச்சு வச்சிருக்கா, ஈரம் இழுத்துரும்னு.

– அய்யோ. நீங்க வரலைன்னு நெனச்சுக்கிட்டு அவரு பூட்டிட்டுப் போயிட்டாரு.

– எங்க?

– திருச்சி ஏர்போர்ட்டுக்கு. கனடாவுலேருந்து அவரு பழைய மொதலாளி குடும்பத்தோட வராரு. நாலு மணிக்கு எல்லாரும் இங்க இருப்பாங்க. அவங்க பாக்கணும்னுதானே இந்த பயர்பிளேஸ்.

– நல்ல கூத்து. சித்திர வெயில்ல அரியலூர் ரோட்டுல தாரு உருகி ஓடுது, இவரு குளிர்காய அடுப்பு கட்டுறாரு. ஏசியப் போட்டு விட்டுட்டு நெருப்பு மூட்டுவாராமே, நெசமா?

– பதினெட்டுல வச்சுட்டு. ஒத்திகையே பாத்துட்டாரு.

– பாத்தியா! காசு இருந்தா வெயில்ல கூட நடுங்கலாம்.

– சிரிக்காதீங்க மேஸ்திரி. ஏழு வருசம் அந்த மொதலாளி வூட்டு அடுப்புக்கு வெறகு அடுக்கிச் சாம்பல் அள்ளுனவரு. அங்க ஒரு நாளு கூட அது முன்னாடி உக்காரச் சொல்லலையாம். இப்ப அந்தாள இங்க உக்கார வைக்கணும்னு வெறி. யாருகிட்டயும் சொல்லிராதீங்க.

– கூண்டுக்குள்ள இருக்குறவன் யாருகிட்டப் போயிச் சொல்லப் போறேன்? சரி தாயி, கதவத் தொறந்து பக்கத்துக் காட்டுல யாராச்சும் இருந்தா கூப்புடுங்க. உச்சியில அந்தக் கம்பிய அறுத்து விட்டாப் போதும்.

– பூட்டிட்டுப் போயிட்டாருன்னு சொன்னேனே.

– அதான் தாயி, உள்ளேருந்து தொறங்க.

– பூட்டு வெளியில. முன்வாசல்ல ஒண்ணு, கொல்லையில ஒண்ணு.

– நீங்க உள்ள இருக்கறப்பவா?

– காட்டுக்குள்ள தனி வூடுல்ல. பாதுகாப்புக்கு.

– யாருக்குப் பாதுகாப்பு?

– ...தண்ணி வேணுமா மேஸ்திரி?

– வேணும். நாக்கு ஒட்டிப் போச்சு. அடுப்புக்குள்ள குனிஞ்சு கைய மேல நீட்டுங்க, ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சந்து இருக்கு. பாட்டில்ல குடுத்தா எட்டிப் புடிச்சுக்குவேன்.

– கொஞ்சம் இருங்க. எனக்குச் சட்டுன்னு குனிய வராது.

– இடுப்பு வலிங்களா?

– அப்படித்தான் வச்சுக்குங்க. இந்தாங்க. எட்டுதா?

– எட்டுது, எட்டுது. ஆங். மகராசியா இருங்க. ஒன்பது நாளா உங்க வூட்டுல டீ குடிச்சிருக்கேன். சமையக்கட்டு வாசப்படியில டம்ளர் இருக்கும், வச்ச ஆளு இருக்காது. கொரலே இன்னைக்குத்தான் கேக்குறேன். பேரு என்னா தாயி?

– வினோதினி. கூடத்துல ஆளு வேலை பாக்கறப்ப நான் வெளிய வரக்கூடாது. அதை விடுங்க. நீங்க ஏன் மேஸ்திரி கீழ அடைச்சுக்கிட்டு மேல ஏறுனீங்க? யாராச்சும் அப்படிச் செய்வாங்களா?

– எல்லாம் பாழாப்போன பழக்கம். முப்பது வருசமா ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கூண்டு கட்டுன கை இது. கீழேருந்து பூசிக்கிட்டே ஏறணும், ஏறுன வழிய அடைக்கணும், உச்சியில வெளிய வரணும். திரும்பி எறங்குனா முதுகு ஒரசி ஈரப்பூச்சு போயிரும். என் வாத்தியாரு அடிச்சுச் சொல்லிக் குடுத்தது. அதே மாதிரி இங்கயும் அடுப்புக்கு மேல, கூண்டோட கழுத்துல கடப்பாக் கல்லு ரெண்டு வச்சுச் சந்தக் குறுக்குனேன். சாமான் பைய அது வழியா கீழ விட்டுட்டேன், வெறுங்கையோட ஏறுனா சொகமா இருக்கும்னு. ஏறிப் போயி உச்சியில சாக்க வெலக்குறேன், கட்டக் கம்பி! நேத்து சாயந்தரம் நான் சாக்குப் போட்டு மூடறப்ப அங்க ஒண்ணுமில்ல.

– அது ராத்திரி ஏழு மணிக்குப் போட்டது. ஜெயங்கொண்டத்துலேருந்து வெல்டிங் ஆளக் கூட்டியாந்தாரு. சாக்க மறுபடி எடுத்து மூடுனதும் அவருதான்.

– என்னாத்துக்கு? கொரங்குக்கா?

– நேத்து கெளம்பறப்ப நீங்க அவருகிட்ட என்ன சொன்னீங்க?

– நான் என்னா சொன்னேன்... உள்பூச்சு முடிச்சுட்டு மேல வழியா எறங்கிருவேன் சார், கூண்டு நல்ல அகலம், ஒரு ஆளு தாராளமா போயி வரலாம்னேன்.

– அதான்.

– எதான்?

– ஒரு ஆளு போயி வரலாம்னு சொல்லிட்டீங்கல்ல.

– நான் என் வேலை நேர்த்தியச் சொன்னேன் தாயி!

– அவருக்குப் போறதும் வர்றதுந்தான் காதுல விழுந்திருக்கும். உங்கள அனுப்பிட்டு உள்ள வந்தவரு, நேரா வெல்டிங் ஆளுக்குத்தான் போன் போட்டாரு.

– அடக் கடவுளே. என் வாயே எனக்கு எமனா வந்து நிக்குது பாரு. சரி, ஆனது ஆச்சு. சுத்தியல எடுத்து கீழேருந்து அந்தக் கடப்பாக் கல்ல ரெண்டு போடு போடுங்க. நானும் மிதிக்கிறேன். பொத்துன்னு கூடத்துல வந்து விழுந்துர்றேன்.

– விழுந்து?

– விழுந்து... சாரு வர்ற வரைக்கும் ஒரு ஓரமா உக்காந்திருக்கேன்.

– நாலு மணிக்கு அவரு விருந்தாளியோட கதவத் தொறக்கறப்ப, பூட்டுன வூட்டுக்குள்ள நீங்களும் நானும் இருக்கணும்?

– எனக்கு அம்பத்தி நாலு வயசு தாயி. பேரன் எடுத்தவன்.

– பால்காரரு சாமிதுரைக்கு அறுபத்தி மூணு. ஒரு நாளு பால ஊத்திட்டு, ‘ஊருக்குப் போகலியாம்மா, மொகம் வாடியிருக்கே’ன்னு கேட்டாரு. அவ்ளோதான். மறுநாளேருந்து பாக்கெட் பாலு. எனக்கு மூணு நாளு எடது காது கேக்கல.

– அடிச்சாரா?

– கை பட்டுருச்சு.

– கை பட்டா காது போகுமா தாயி?

– அதில்ல மேஸ்திரி. அவரு கெட்டவரு இல்ல. பாசம். நான் போயிருவேனோன்னு பயம். போன தீபாவளிக்குச் சொல்லாமக் கீழப்பழுவூரு போயிட்டேன், எங்கம்மா வூட்டுக்கு. மத்தியானம் போனேன், பொழுது சாயறதுக்குள்ள வந்து கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. அன்னையிலேருந்துதான் பூட்டு.

– தீபாவளிக்கா? இது சித்திர மாசம்! அப்பறம் எங்கயுமே போகலையா?

– ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு. மாசம் ஒரு தடவ. வெயில் எப்படி இருக்குன்னு அப்ப பாத்துக்குவேன்.

– போனு?

– அவரு வெளிய போறப்ப எடுத்துட்டுப் போயிருவாரு.

– அஞ்சு மணி நேரம் உள்ள நின்னதுக்கே எனக்கு உசுரு போவுது. நீ ஆறு மாசமா உள்ள நின்னுக்கிட்டு ரசம் வச்சுக்கிட்டிருக்கியே தாயி.

– மேஸ்திரி, என்னப் பத்திப் பேச இது நேரமில்ல. மணி பதினொண்ணேகால். ஒரு வழி சொல்லுங்க. அவரு வர்றப்ப நீங்க இங்க இருக்கக் கூடாது.

– இரு, இரு. யோசிக்கிறேன். இந்தப் பழைய செவுரு ரெண்டடி கனம், சுண்ணாம்புல கட்டுனது. பெரியவங்க கட்டுனது கல்லு மாதிரி இறுகிப் போயிருந்துச்சு, அதை வெட்டி எடுக்கவே நாலு நாளாச்சு. எடுத்த எடத்துல கூண்டுக்கு முதுகா வெறும் ஒத்தக்கல்லு செவுருதான் வச்சிருக்கேன். அதுவும் வச்சு மூணு நாளுதான், சிமெண்டு இன்னும் பச்ச. அந்தப் பக்கம் முந்திரிக்காடு. சுத்தியலயும் உளியயும் சந்து வழியா குடுத்தா, அரை மணியில ஓட்டையப் போட்டு வெளிய குதிச்சுருவேன்.

– செவுத்துல ஓட்டையா? இன்னைக்கா? அவங்க வர்ற அன்னைக்கா?

– பதறாத. கல்லும் கலவையும் கொட்டாயில கெடக்கு. வெளியிலேருந்து கட்டி, பூசி, சுண்ணாம்பும் அடிச்சுருவேன். ரெண்டு மணிக்கு மூக்க வச்சுத் தேச்சாலும் தெரியாது.

– நெசமா தெரியாதா?

– முப்பது வருசக் கை தாயி. ஏன், வெளிய போனதும் கொல்லப் பூட்ட ஒடைச்சு உன்ன—

– பூட்டுகிட்டப் போகாதீங்க! ரெண்டு கதவுலயும் கேமரா இருக்கு. யாராச்சும் கிட்ட வந்தா அப்பவே அவரு போன்ல மணியடிக்கும்.

– கேமராவா? நான் பாக்கலையே.

– ஓட்டுக்கு அடியில, குருவிக்கூடு மாதிரி இருக்கும். வூட்டுல ஆளுங்க நடமாடற வரைக்கும் மணிய நிறுத்தி வச்சிருப்பாரு, பூட்டுனதும் போட்டுருவாரு. மணி அடிச்சாலும் அடிக்காட்டியும் எல்லாம் பதிஞ்சுக்கிட்டே இருக்கும். ராத்திரி சாப்புட்டதும் உக்காந்து முழுசும் பாப்பாரு, மத்தவங்க சீரியல் பாக்குற மாதிரி.

– தாயி.

– என்னா?

– காலையில ஆறு மணிக்கு நான் கொல்லக்கதவு வழியாதானே வந்தேன்.

– அய்யோ. அந்தக் கேமரா முன்னாடியேதான்.

– நான் வந்தது அதுல இருக்கும். வெளிய போனது இருக்காது.

– ஆமா.

– நான் எவ்ளோ நல்லாப் பூசுனாலும்...

– ஆமா மேஸ்திரி. பூசுனா இன்னும் மோசம். நீங்க எந்த வழியாப் போனீங்கன்னு என்னக் கேப்பாரு. விருந்தாளிங்க தூங்குனப்பறம் கேப்பாரு.

– நான் சொல்றேன். நாலு மணிக்கு ரோட்டுலயே கார மறிச்சு, நடந்தத நடந்தபடி சொல்லிர்றேன். போனு தண்ணியில விழுந்தது, கீழ அடைச்சது, கம்பி, எல்லாத்தையும். கால்ல விழச் சொன்னாலும் விழுறேன்.

– அவரு நம்புவாரு. உங்க முன்னாடி சிரிச்சுக்கிட்டே நம்புவாரு. கூலியோட சேத்து மேல எரநூறு குடுத்து அனுப்புவாரு. அப்பறம் கதவச் சாத்துவாரு.

– என்னால இப்படி ஆயிப் போச்சே தாயி. ஒரு சத்தம் குடுத்துட்டு ஏறியிருக்கக் கூடாதா நான்? ஒரே ஒரு சத்தம். நாக்குல முள்ளா குத்துச்சு?

– அழாதீங்க. நீங்க அழுதா எனக்கும் வந்துரும். சுத்தியல் இந்தா இருக்கு. உளி எது, இந்த நீட்டா இருக்கறதா?

– அதுதான். முனையப் பாத்துப் புடி. மெதுவா. வந்துருச்சு, வந்துருச்சு. தள்ளி நில்லு, தூசி கொட்டும்.

– கைய ஓங்க எடமிருக்கா?

– இல்ல. தட்டித் தட்டித்தான் எடுக்கணும். இந்தா, மொதக் கல்லு ஆடுது. காத்து வருது தாயி! முந்திரி எல வாசன வருது!

– எனக்கும் வருது. கீழ வரைக்கும் வருது. அந்தக் காட்டுப் பக்கம் எந்தக் கேமராவும் இல்ல, தெரியுமா மேஸ்திரி? அங்க செவுருதானேன்னு வைக்கல.

– அப்ப நான் குதிச்சு ஓடுனா ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா ஓட மாட்டேன். உன்ன இப்படி விட்டுட்டு எப்படிம்மா ஓடுறது? வெளிய போனதும் என்னா செய்யணும், சொல்லு. போலீசுக்குப் போகவா? உங்கம்மாவுக்குச் சொல்லி விடவா?

– பஸ் ரோடு எவ்ளோ தூரம்?

– காட்டு வழியாப் போனா ஒன்றரை மைலு. பன்னெண்டரைக்கு அரியலூர் பஸ் இருக்கு. ஏன்?

– அடுப்புக்குப் பின்னாடி இருக்கறதும் ஒத்தக்கல்லுதானா?

– கீழேருந்து உச்சி வரைக்கும் ஒரே முதுகுதான்.

– அப்ப நீங்க வெளிய போனதும், அந்தப் பக்கமிருந்து தரையோட தரையா, அடுப்புக்கு நேரா இன்னொண்ணு ஒடைங்க.

– ஒடைக்கிறேன் தாயி. கால் மணியில ஒடைக்கிறேன். ஒன்றரை அடி போட்டாத் தாராளமா தவழ்ந்து வந்துரலாம்.

– பத்தாது மேஸ்திரி. எனக்கு இது எட்டாம் மாசம்.