ஃபிளாஸ்க்கின் சூடு

இந்த விசாரணை அறையில் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது, ஐயா. எங்கள் ஆய்வகத்தில் இந்தச் சுகமெல்லாம் பன்றிக் கருமுட்டைகளுக்குத்தான். எங்களுக்கு ஸ்வெட்டர்தான் கதி.

உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஹொங்சொங் இறைச்சிக்கூடத்தில் வெட்டிய பன்றிகளின் சூலகங்களை வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டு ஃபிளாஸ்க்கில் எடுத்து வருவோம். அவற்றிலிருக்கும் இளம் முட்டைகளை ஊசியால் உறிஞ்சி, சூட்டுப்பெட்டியில் வைத்து முதிர வைத்தால்தான் விந்து சேர்க்க முடியும். வழியில் சூடு குறைந்தால் முட்டை செத்த மாதிரிதான். ஆனால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

யோன்ஜு வருவதற்கு முன் இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் வந்த முதல் குளிர்காலத்திலேயே அவள் முட்டைகள் என்னுடையதைவிட நன்றாக முதிர்ந்தன. பேராசிரியர் மா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "மிரான், சின்னப் பொண்ணுகிட்ட கைப்பக்குவம் கத்துக்கோம்மா. வயசு மட்டும் ஏறினா போதுமா?" எல்லோரும் சிரித்தார்கள். இருந்ததோ ஒரே ஒரு நிரந்தர வேலை. அவளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததில் என்ன ஆச்சரியம்?

கார் என்னிடம்தான் இருந்தது. இருவருடைய ஃபிளாஸ்க்கையும் நானே கொண்டு வருவேன். அவளுடையதன் மூடியைக் கழற்றி, கார் ஜன்னலையும் இறக்கிவிட்டு ஓட்டினேன். ஆய்வக வாசலில் சுடு உப்புநீர் ஊற்றிச் சரிசெய்து கொடுத்தேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாலும் குறை தெரியாது. வாராவாரம் அவள் முட்டைகள் முதிரவில்லை. "அப்போ முன்னாடி காட்டினதெல்லாம் பொய்யா?" என்று பேராசிரியர் கத்தினார். அவள் அழுதாள். நான்தான் வெளியே கூட்டிப்போய் கிம்ச்சி சூப் வாங்கிக் கொடுத்தேன்.

கெட்டிக்காரி. கடைசியில் பாதியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, வழியில ஆறிப்போகுதோ?"

"இருக்கும்டி. பனியில நான் ஆமை மாதிரிதானே ஓட்டுறேன். நாளைக்கு நீயே ஸ்கூட்டர்ல போய் எடுத்துட்டு வா. கோட்டுக்குள்ள வச்சு ஒரு கையால அணைச்சுக்கோ, சூடு நிக்கும். விரட்டிட்டு வந்துடு."

"நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன பண்ணுவேனோக்கா."

அன்று காலைதான் இறைச்சிக்கூடத்துக்குப் போகும் வழியில், ஆற்றுப்பாலத்தில் என் கார் வழுக்கியிருந்தது. பாலம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. அதை அவளிடம் சொல்லவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: மறந்துபோகவில்லை. செத்துப்போவாள் என்று தெரியுமா என்றால், தெரியும்.

மறுநாள் பாலத்தில் அவள் ஸ்கூட்டருக்குப் பின்னால் வந்த லாரிக்காரர் ஃபிளாஸ்க்கை ஆய்வகத்தில் கொண்டுவந்து கொடுத்தார். விழுந்து உயிர் போன பிறகும் அவள் கை அதை விடவில்லையாம். உள்ளே சூடு குறையவே இல்லை. வீணாக்க எனக்கு மனம் வரவில்லை; அன்றைக்கே சூட்டுப்பெட்டியில் வைத்தேன். அத்தனை அழகாக முதிர்ந்த முட்டைகளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அதை வைத்து எழுதிய கட்டுரையில் அவள் பெயரை இரண்டாவதாகச் சேர்த்தேன். வேறு யாராவது என்றால் பெயரையே விட்டிருப்பார்கள். அவள்மேல் எனக்கு வன்மம் எதுவும் இல்லை என்பதற்கு அது போதாதா, ஐயா?