விசா ஒத்திகை

— அங்கிள், மொதல்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்க. வெள்ளைக்கார ஆபீசர் மாதிரி இருங்கன்னு சொன்னா, நாலு நம்பர் லாட்டரிக் கடைக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க.

— கழட்டிட்டா கேள்வி தெரியாது, துளசி. எறும்பு சைசுல டைப் பண்ணி வச்சிருக்க. ரைட், ரைட், நேரா உட்காரு. குட் மார்னிங், மிஸ் துளசி. நீங்க எதுக்கு இங்கிலாந்து போறீங்க?

— படிக்கத்தான் லா.

— டிங்! கேட்டுச்சா? கரண்டியால தட்டை அடிச்சிட்டேன். நீ ஒவ்வொரு தடவை 'லா' போடுறப்பவும் அடிப்பேன்.

— பொறந்ததுலேர்ந்து வர்ற பழக்கம் அங்கிள்!

— வியாழக்கிழமை கேஎல்ல, கோலாலம்பூர் விசா ஆபீசுல, உன்னை ஒரு ரூம்ல தனியா உட்கார வச்சு, வீடியோவுல ஒருத்தன் கேள்வி கேப்பான். அவன்கிட்ட போய் 'லா' போட்டா என்னா நெனைப்பான்? மதிக்கவே மாட்டான் லா.

— டிங்! குடுங்க கரண்டியை. இனிமே நான்தான் அடிப்பேன்.

— ஐயோ மாதாவே, ஆபீசரையே அடிக்கிறாளே!

— ஏண்டி, பெரியவங்க கையில இருக்கறதைப் புடுங்குற? இங்க பாருங்க, நீங்களும் அவகூடச் சேர்ந்துக்கிட்டு விளையாடாதீங்க. தமிழ்லயே கேளுங்க. இங்கிலீஷ்ல அவ பொளந்து கட்டுவா, தெரியும். என்னா பதில் சொல்றான்னு எனக்குப் புரியணும்ல? நான் இங்க நெத்திலியை வறுத்துக்கிட்டே கேக்குறேன்.

— அம்மா, எத்தனை கிலோம்மா வறுப்ப? இன்னும் விசாவே கெடைக்கல. அதுக்குள்ள பெட்டியில பாதி நெத்திலிச் சம்பல், மீதி பாதி வத்தல். என் துணியை நான் மேல போட்டுக்கிட்டே போகணும் போல.

— போட்டுக்கிட்டுப் போ. அங்க குளிரு.

— ரைட், ரைட். ரெண்டாவது கேள்வி. ஏன் உங்க சொந்த நாட்டுல படிக்கல?

— கேட்டேன். குடுக்கல.

— அவ்வளவுதானா?

— வேறென்ன வேணும்? எஸ்டிபிஎம் பரீட்சையில எல்லாத்துலயும் ஏ. கவர்மெண்ட் யுனிவர்சிட்டியில தண்ணி சம்பந்தமான படிப்பு வேணும்னு கேட்டேன். யாரோ ஒருத்தர் ஆபீசுல உட்கார்ந்துகிட்டு, நான் கேக்கவே கேக்காத ஒரு படிப்பை எனக்குன்னு எழுதி வச்சாரு. நேரா போய் ஏன்னு கேட்டேன். 'துங்கு'ன்னாங்க, காத்திருன்னு. காத்திருந்தேன். மறுபடியும் துங்கு. காத்திருந்து காத்திருந்து, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்கே என் மேல பாசம் வந்துருச்சு. கடைசியில லைட்டை அணைச்சுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. போங்கடா நீங்களும் உங்க சீட்டும்னு ஈப்போவுல தனியார் காலேஜுல சேர்ந்தேன். பகல்ல படிச்சேன், சாயங்காலம் சின்னப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்தேன். எங்க வம்சத்துலயே மொத டிகிரி என்னோடது. இப்ப எங்கேயோ இருக்குற நியூகாசில் யுனிவர்சிட்டிக்காரன் முழு ஸ்காலர்ஷிப் குடுத்துக் கூப்பிடுறான். இதுக்கு மேல என்ன சொல்லணும்?

— இதை அப்படியே சொல்லாதம்மா. கேக்குறவன் அழுதுருவான்.

— அழட்டும்.

— கண்ணீர் பட்டா பாஸ்போர்ட்டுல குத்துற சாப் அழிஞ்சிரும் லா.

— டிங்!

— இங்க பாருங்க, அவளுக்குச் சுருக்கமாப் பேசச் சொல்லிக் குடுங்க. சுங்காய் ரப்பர் தோட்டத்துல காலையில பெரட்டுக்கு, ஆள் கணக்கு எடுக்க, நிப்போம். கணக்கு எழுதுற கிராணி வரிசையாப் பேரைக் கூப்பிடுவாரு. 'இருக்கேன்யா.' அதோட வாயை மூடிக்கணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினா மேட்டுல இருக்குற மர நெரையைக் குடுத்துருவாரு. ஏறி ஏறிப் பால் வெட்டியே முட்டி போயிரும்.

— அம்மா, நான் எந்தக் கிராணிகிட்டயும் பெரட்டுக்கு நிக்கல. உன் தோட்டமே இப்ப செம்பனைத் தோட்டமாயிருச்சு.

— அதுக்காக? எல்லா ஆபீசரும் ஒரே சாதிதான். பேரைக் கூப்பிடுவான், இருக்கேன்னு சொல்லு, இறங்கி வந்துரு.

— உனக்கு எந்த நெரை குடுத்தாங்கம்மா?

— எனக்கா?

— ஆமா, வாயை மூடிக்கிட்டு நின்னியே, உனக்கு.

— எனக்கு எப்பவும் மேட்டு நெரைதான்.

— மாதாவே! கேட்டியா துளசி? இது ரத்தத்துலயே இருக்கு, ஒண்ணும் செய்ய முடியாது.

— நீங்க சிரிக்காதீங்க. நெத்திலி தீயுது உங்களால.

— ரைட், ரைட். மூணாவது. அங்க போய் என்ன ஆராய்ச்சி பண்ணுவீங்க?

— இது எனக்குப் புடிச்ச கேள்வி. நம்ம பத்து காஜா ஊரைச் சுத்தி எத்தனை பழைய ஈயச் சுரங்கக் குட்டை இருக்கு? வெள்ளைக்காரன் ஈயத்தைத் தோண்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டான், குழியை மட்டும் நமக்கு விட்டுட்டான். மழை பெஞ்சு ரொம்பிருச்சு. இப்ப அதுல மீன் வளக்குறாங்க, தாமரை வளக்குறாங்க, பையனுங்க குதிச்சு நீந்துறானுங்க. தண்ணி பார்க்கப் பச்சையா, அழகா இருக்கு. உள்ள ஆர்செனிக் இருக்கா, காரீயம் இருக்கா, எந்தக் குட்டையில எவ்வளவு இருக்குன்னு இங்க இருக்குற ஒருத்தருக்காவது தெரியுமா? அதைக் கண்டுபிடிக்கிற படிப்புதான் அங்கிள். அவன் தோண்டின குழிக்கு அவன் செலவுலயே படிச்சிட்டு வரப்போறேன்.

— கடைசி வரியை மட்டும் விட்டுரு.

— அதுதான் முக்கியமான வரி!

— ஒரு சந்தேகம், துளசி. இது ஆபீசர் கேக்கல, நான் கேக்குறேன். அந்தக் குட்டையில புடிச்ச மீனைத் தின்னா என்னா ஆகும்?

— அது இன்னும் தெரியாது. ஏன்?

— இல்ல... நீ நேத்து மூணு தடவை போட்டுத் தின்னியே, அசாம் புளி போட்ட மீன் குழம்பு...

— அங்கிள்!

— நான்தான் தூண்டில் போட்டுப் புடிச்சேன். நல்ல திலாப்பியா. என் கையளவு.

— அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை பாசார்லேர்ந்து வாங்கிட்டு வாரேன்னு குடுத்ததெல்லாம்?

— பாசார் வழியாத்தான் வந்தேன். பாசார்ல வாங்கினேன்னு எப்ப சொன்னேன்?

— அம்மா, உனக்குத் தெரியுமா இது?

— தெரியும். ஆராய்ச்சி பண்றவளுக்கு நாக்குல குட்டை மீனு ருசி தெரியலையேன்னு எனக்குக் கவலையாத்தான் இருந்துச்சு.

— சிரிங்க, ரெண்டு பேரும் நல்லாச் சிரிங்க. மொத சாம்பிள் நான்தான்னு தீசிஸ்ல எழுதுறேன்.

— ரைட், ரைட். கண்ணைத் தொடைச்சிக்கிறேன், இரு. அடுத்தது கடைசிக் கேள்வி. இதுலதான் பாதிப் பேரு மாட்டிக்குவாங்கன்னு நீயே எழுதி வச்சிருக்க. மிஸ் துளசி, படிப்பு முடிஞ்சதும் உங்க நாட்டுக்குத் திரும்பி வருவீங்களா?

— வருவேன்.

— ஏன்?

— இருங்க, தண்ணி குடிச்சுட்டு வாரேன்.

— ஏன் வருவீங்க, மிஸ் துளசி?

— வரணும், அதான்.

— இது பதில் இல்லையே. இவ்வளவு நேரம் மழை மாதிரி கொட்டின. இதுக்கு மட்டும் குழாய் நின்னுருச்சு.

— அம்மா தனியா இருக்காங்க. அதனால வருவேன்.

— வேற சொல்லுடி.

— வேற இல்லம்மா. அதான் உண்மை.

— குட்டையைச் சொல்லு. தண்ணியைச் சொல்லு. நாட்டுக்கு நல்லது பண்ணப்போறேன்னு சொல்லு.

— நாட்டுக்கு நான் எதுக்கு நல்லது பண்ணணும்? என்னை அந்த நாற்காலியில உட்கார வச்சுட்டு லைட்டை அணைச்சுட்டுப் போன நாடுதானே? ஆபீசர்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். நான் திரும்பி வர்றதுன்னா உனக்காகத்தான் வருவேன். சரி, இப்பவே சொல்லிர்றேன். நான் போறதா இல்ல.

— என்னது?

— இந்த வருசம் போறதா இல்ல. ஒரு வருசம் தள்ளிப்போடச் சொல்லிக் கேக்கப்போறேன். வியாழக்கிழமை கேஎல்லுக்கும் போகல.

— துளசி, என்னாம்மா இது? நான் லீவு போட்டிருக்கேனே, உன்னை வண்டியில கூட்டிட்டுப் போக...

— சாரி அங்கிள். ரெண்டு நாளா எப்படிச் சொல்றதுன்னு தெரியாம சுத்திக்கிட்டிருந்தேன்.

— நெத்திலியை எறக்கி வச்சுட்டேன். கையைத் தொடைச்சுட்டு வாரேன். இப்ப சொல்லுடி, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. எதுக்குப் போகல?

— அப்பா செத்து ஒம்பது வருசமா இந்த வீட்டுல நீயும் நானும்தான். நான் ஈப்போவுக்குப் போய்ட்டு வாரதுக்கே ஜன்னல்கிட்ட நிக்கிறவ நீ. ஆஸ்பத்திரி லாண்டிரியில நாள் முழுக்க ஈரத்துணியைத் தூக்கிட்டு வந்து, ராத்திரி யாருகிட்ட பேசுவ? செவுத்துக்கிட்டயா? போன மாசம் காய்ச்சல்ல அடிச்சுப் போட்ட மாதிரி கெடந்தியே, நான் டியூஷன்ல இருந்தேன். போனைக் கூட எடுக்க முடியல உன்னால.

— ஆஸ்பத்திரிக்குப் போனேனா இல்லையா?

— போன. அங்கிள் கூட்டிட்டுப் போனாரு.

— காய்ச்சல்காரிக்கு நான் ஓட்டுற ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸான்னு நெனைச்சு அன்னிக்கு நீ என்கிட்ட சண்டைக்கு வந்த, துளசி. டியூட்டி முடிஞ்சு என் சொந்தக் கஞ்சில் கார்லதான் கூட்டிட்டுப் போனேன், சத்தியமா.

— தெரியும் அங்கிள். நான் நன்றி சொல்லாம இல்ல. ஆனா நீங்க ஒவ்வொரு தடவையும் ஓடி வர முடியுமா? உங்களுக்குன்னு ஒரு வீடு இருக்கு. உங்க பொண்ணு ஷார்மேன் அக்கா இருக்காங்க...

— ஷார்மேன்தான் கல்யாணம் முடிஞ்சு பாரிட் புந்தாருக்குப் போயிட்டாளே. வீட்டுல நானும் டிவியும்தான்.

— அதான் சொல்றேன். நீங்களே தனியா இருக்கீங்க. எங்கம்மாவை வேற எப்படிப் பார்த்துக்குவீங்க?

— குமுதா... நான் கிளம்பவா?

— உட்காருங்க.

— இல்ல, அம்மாவும் பொண்ணும் பேசிக்கிறீங்க, நடுவுல நான் எதுக்கு...

— உட்காருங்கன்னு சொன்னேன்ல? நீங்க சொல்லுங்கன்னு நான் சொன்னா, நீதான் சொல்லணும்னீங்க. நான் சொல்றேன்னா ஓடப் பார்க்குறீங்க. ஆம்புலன்ஸ் ஓட்டுறவருக்கு இவ்வளவு பயமா?

— ஆம்புலன்ஸ்ல பயமில்ல. உன் பொண்ணுகிட்டதான்.

— என்கிட்ட என்னா பயம் அங்கிள்? அம்மா, இவரு என்னத்தைச் சொல்லணும்?

— நீ சும்மா இரு. இனிமே ஆபீசர் நான். இங்க பாருங்க, அந்தக் கண்ணாடியைக் குடுங்க. போட்டுக்கிட்டேன். எப்படி இருக்கு?

— கிராணி மாதிரி இருக்க.

— நல்லது. மிஸ் துளசி.

— அம்மா, விளையாடாத. நான் சீரியஸா பேசிக்கிட்டிருக்கேன்.

— ஆபீசர் விளையாடுவானா? நேரா உட்காரு. பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே, அது நெசமா?

— நெசம்.

— உங்கம்மா தனியா இருக்காங்கன்னு சொன்னீங்க. அதை அவங்ககிட்ட கேட்டீங்களா?

— இதுல கேக்குறதுக்கு என்னம்மா இருக்கு? கண்ணுக்குத் தெரியுதே.

— நாலு வருசமா ஆஸ்பத்திரி கேன்டீன்ல உங்கம்மா யாருகூட உட்கார்ந்து சாப்பிடுறாங்கன்னு தெரியுமா?

— தெரியாது.

— தண்ணியில என்ன இருக்குன்னு கண்டுபிடிப்பீங்க. வீட்டுல என்னா நடக்குதுன்னு தெரியாது. இந்த ஆளுக்கு யாரு விசா குடுப்பா?

— அம்மா, நீ ஏன் சிரிக்கிற? அங்கிள், உங்க காது ஏன் இப்படிச் செவந்திருக்கு?

— எனக்கு... இங்க கொஞ்சம் சூடா இருக்கு லா.

— அங்கிள்!

— கரண்டியைக் கீழ போடு துளசி. கரண்டியோட நீ என்னைப் பார்க்குற பார்வை நல்லா இல்ல.

— ஒருத்தராவது ஒழுங்காச் சொல்லுங்களேன்! வியாழக்கிழமை நான் என்னதான் சொல்லணும்?

— என்ன வேணும்னாலும் சொல்லு. அம்மா தனியா இருக்காங்கன்னு மட்டும் சொல்லிராதடி, பொய்யாயிரும். நீ பிளேன் ஏர்றதுக்கு முன்னால நானும் இவரும் ரிஜிஸ்டர் பண்ணிக்கிறோம், சாட்சிக் கையெழுத்து நீதான் போடுற.