படகுல ஏத்துன மண்ணு மூட்டை

ஆலங்காயம் பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கெடச்சிது, எனக்கு ஒரே குஷி. சாமைப் பைய மடில வெச்சிக்கினு குந்தினேன். வெல கேக்காதீங்க, கொள்ளை. முன்சீட்டுல ஒரு ஆளு, ஒரு பொண்ணு. நம்ம மலை ஏரில பாய் கட்டி படகு வுடற சங்கமாம். ஒரு படகுக்கு ரெண்டு பேர் வேணுமாம்.

"போன ஞாயித்துக்கெழம ஆளுக்கு பதிலா மண்ணு மூட்டைய ஏத்திக்கினு போனேம்மா"ன்னான் அவன்.

எனக்கு காது நீண்டுச்சி.

"ஏண்ணா, சேகர் வரல?"

"ஓசூரு கம்பெனிக்கு பூட்டான். மேரி கல்யாணம் கட்டிக்கினு கண்ணமங்கலம் பூட்டா. மிச்சம் நீயும் நானும் தான்."

"மூட்டை எப்டி ஓட்டுச்சி?"

"காத்தடிச்சா நீ அந்தாண்ட சாய்வ. அது சாயுமா? கவுந்துட்டேன். கரைல சிரிக்கக்கூட ஆளில்ல."

பொண்ணு தான் சிரிச்சா.

"இந்த வாரம் நீ வர்றியே, மூட்டைய அவுத்து கொட்டிர்லாம்."

சிரிப்பு நின்னுபோச்சி.

"அண்ணா, எனக்கும் சென்னைல வேல கெடச்சிட்ச்சி. இப்ப அங்க தான் போறேன்."

ரெண்டு வளைவு தாண்டுச்சி பஸ்ஸு.

"நல்லபடியா போய்ட்டு வாம்மா. மூட்டைய அவுக்கல, அப்டியே இருக்கட்டும்."