வெள்ளைச் சுவரில் வராத நிறம்

ஃபிளாஷ் புதிதாக வாங்குகிற எல்லோரும் அதை நேராக முகத்தில்தான் அடிப்பார்கள். நெற்றி எண்ணெய் தடவியதுபோல் மின்னும். மூக்கு தட்டையாகும். பின்சுவரில் தலையை ஒட்டி இன்னொரு கறுப்புத் தலை நிற்கும். இந்த ஸ்டேஷன் சுவரில் மாட்டியிருக்கும் குரூப் போட்டோவும் அப்படி எடுத்ததுதான். குறையாகச் சொல்லவில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

என் பெயர் ஃபிரெடி. வயது இருபத்தொன்பது. இலுப்பூரில் உரக்கடை மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் விராலிமலைப் பக்கம் ஒரு நூற்பாலையில் நான்கு வருடம் நைட் ஷிப்ட் பார்த்தேன். அதை ஏன் விட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னோடு செம்மல் என்று ஒருவர் வேலை பார்த்தார். ஒருநாள் ஷிப்ட் முடிய முக்கால் மணி நேரம் இருக்கும்போது மெஷின் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அங்கே எல்லோருக்கும் வேர்க்கும், ஆனால் இது வேறு வேர்வை. இடது கையைப் பிடித்துக்கொண்டார். தாடை வலிக்கிறது என்றார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. சூப்பர்வைசர் சந்தனம் வந்து பார்த்தான்.

"வாயுப் பிடிப்புய்யா. ஒரு சோடா குடிச்சா சரியாப்போகும். ஷிப்ட முடிச்சுட்டுப் போயிருவோம்."

செம்மல் ஷிப்ட் முடியும்வரை உயிரோடு இருக்கவில்லை. நான் அன்றைக்கே அடையாள அட்டையைக் கழற்றிச் சந்தனத்தின் மேஜையில் போட்டுவிட்டு வந்தவன். மில்லில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை.

மைக்கேல்சாமி எனக்கு மாமா முறை, ஆவூர்க்காரர். போன வருடம் அவர் மனைவி ஜெபமாலையம்மாள் அத்தையைப் படம் எடுக்க வீட்டுக்கே போனேன். அப்போது எனக்குத் தொழில் புதிது. ஃபிளாஷை முகத்தில் அடிக்காதே, சுவர்ப் பக்கம் திருப்பு, சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மெத்தென்று இருக்கும் என்று போனில் வீடியோ பார்த்துக் கற்றிருந்தேன். சுவர் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. வீடியோக்காரர்கள் வீட்டுச் சுவரெல்லாம் வெள்ளை. மாமா வீட்டு ஹால் கிளிப்பச்சை. சுவரில் பட்ட வெளிச்சம் பச்சையாகத் திரும்பி அத்தை முகத்தில் விழுந்தது. கேமராவின் சின்னத் திரையில் எனக்கு அது தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் அத்தை போய்விட்டார். வேறு நல்ல படம் கையில் இல்லாததால் அதையே ஃபிளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டினார்கள். ஆறடி உயரத்துக்குப் பச்சை முகம். மாமா அதன் முன்னால் நின்று, வந்தவர்கள் காதுபடச் சொன்னார்.

"உசுரோட இருக்கையிலயே எம்பொண்டாட்டியப் பொணமா எடுத்துக் குடுத்துட்டானய்யா. செத்தப்பெறகு எடுத்திருந்தாக்கூட இதவிட நல்லா வந்திருப்பா."

துக்க வீட்டில் சிரித்தார்கள். அதற்குப் பிறகு என்னைக் கோயில் வாசலில் பார்த்தாலும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும், "என்ன மாப்ள, பொணம் ஏதும் மாட்டுச்சா?" என்பார். கூட இருப்பவர்கள் அதற்கும் சிரிப்பார்கள். என்னிடம் படம் எடுத்துக்கொள்ள வந்துகொண்டிருந்தவர்கள் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள்.

கற்றுக்கொண்டேன். ஸ்டுடியோச் சுவர்கள், கூரை எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்தேன். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, பக்கவாட்டில் ஸ்டாண்டில் வைத்தேன். அதன் முன்னால் வெள்ளைக் குடை. மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. நிழல் விழும் கன்னத்துக்கு அது கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். நாற்காலியைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் இழுத்துப் போட்டால் பின்னால் நிழல் விழாது. இவ்வளவுதான் வித்தை. இதற்கு எனக்கு ஒரு வருடம் ஆனது.

போன மாதம் மாமாவே வந்தார். மகள் பிரின்சி கூட்டிவந்தாள். அவள் குழந்தையை நான் எடுத்த படம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"எம்படத்தயாவது நான் இருக்கையிலயே பாத்துத் திருத்திக்கிறேன். ஃபிளெக்ஸுல பச்சையா நிக்க மாட்டேன், பாத்துக்க. இவ சொல்றாளேன்னு வந்தேன்," என்றார்.

பிரின்சி தையல்கடைக்குப் போய்வருவதாகச் சொல்லி இறங்கினாள். வெளி வெளிச்சம் கலக்கக் கூடாது என்பதால் கதவைச் சாத்தினேன். அப்போது மூன்று நாற்பது.

முதல் பத்துப் படங்கள் வெளிச்சம் பார்க்க எடுத்தவை. எல்லாவற்றிலும் உதட்டோரத்தில் அந்தக் கேலிச் சிரிப்பு இருந்தது. அது இருக்கும்வரை எந்த வெளிச்சம் போட்டாலும் படம் தேறாது. பதினாறாவது படத்தில் நெற்றி மின்னியது. குடை தூரமாக இருக்கிறதோ என்று பக்கத்தில் நகர்த்தினேன். அப்போதும் மின்னியது. கிட்டே போய்ப் பார்த்தால் வேர்வை. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. துண்டால் ஒற்றிவிட்டுப் பவுடர் போட்டேன். மூன்று படம் எடுப்பதற்குள் பவுடர் கரைந்தது. மறுபடி போட்டேன்.

இருபத்துநான்காவதில் இடது தோள் இறங்கியிருந்தது. வலது கையால் இடது கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"கைய மடியில வைங்க மாமா."

"என்னமோ இழுக்குதுடா மாப்ள."

"கொஞ்ச நேரந்தான்."

முப்பத்தொன்றாவதில் முகம் சாம்பல் நிறமாக விழுந்தது. பழைய தப்பைத் திரும்பச் செய்துவிட்டேனோ என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சட்டை வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் தெரிந்த தெர்மாகோல் வெள்ளையாக இருந்தது. வெள்ளைச் சுவரில் அந்த நிறம் வராது. அப்படியானால் அது வெளிச்சத்தின் குறை இல்லை, ஆளின் நிறம். காலையிலிருந்து நீங்கள் திருப்பித் திருப்பிக் கேட்கிற கேள்விக்கு இதுதான் பதில். ஆம், எனக்குத் தெரிந்தது. செம்மல் முகத்தைப் பார்த்தவன் நான். எனக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

அரசு ஆஸ்பத்திரி ஆட்டோவில் மூன்று நிமிடம். அதுவும் தெரியும்.

நாற்பதாவது படத்துக்கு முன்னால் பிரின்சி கதவைத் தட்டினாள்.

"மச்சான், அப்பாவுக்கு முடிஞ்சுச்சா?"

"கதவத் தொறந்துராத, வெளிச்சம் உள்ள வந்துரும். பத்து நிமிசம் படியில உக்காரு."

"ஒங்க மாமா ரொம்பப் படுத்துறாரா?" என்று சிரித்தபடி அவள் உட்கார்ந்தது கேட்டது. மாமா தண்ணீர் கேட்டார். குரல் படிவரை போகவில்லை. நான் தண்ணீர் கொடுக்கவில்லை என்று எழுதாதீர்கள். அரை டம்ளர் கொடுத்தேன், வாயைத் துடைத்தும் விட்டேன். துடைக்கும்போது பார்த்தேன், அந்தக் கேலிச் சிரிப்பு போயிருந்தது. அது போனதும் அவருக்கு ஒரு முகம் இருந்தது. முப்பது வருடமாக ஊரில் யாரும் பார்க்காத முகம். அதை விட்டுவிட்டு ஆட்டோவுக்கு ஓடச் சொல்கிறீர்கள்.

கொல்ல நினைத்தேனா என்றால், இல்லை. நான் அவரைத் தொட்டது பவுடர் போடவும் வாய் துடைக்கவும்தான்.

ஐம்பத்தெட்டாவது படம் வந்தது. லென்ஸை நேராகப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் குடையின் வெள்ளைப் புள்ளி உட்கார்ந்திருந்தது. "போதும்டா. பிரின்சியக் கூப்பிடு," என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் மூன்று எடுத்தேன். அறுபத்தொன்று. பிறகுதான் கதவைத் திறந்தேன். நான்கு இருபத்தேழு. ஆட்டோவில் ஏற்றும்போது அவர் கை குளிர்ந்துவிட்டது.

ஐம்பத்தெட்டாவதுதான் ஃபிளெக்ஸில் இருக்கிறது. ஆவூரில் போய்க் கேளுங்கள். ஒருவர் விடாமல், ஆள் உயிரோடு நிற்பதுபோல் இருக்கிறது என்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பிரின்சி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவின் மற்றப் படங்களும் வேண்டும் என்றாள். மெமரி கார்டையே கழற்றிக் கொடுத்தேன். குற்றம் செய்தவன் அப்படிக் கொடுப்பானா? ஒவ்வொரு படத்திலும் மணி, நிமிடம் பதிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவள் வரிசையாகப் பார்த்திருக்கிறாள். எந்தப் படம் எடுக்கும்போது தான் படியில் உட்கார்ந்திருந்தாள் என்று கணக்குப் பார்த்து, நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆதாரமாக வைக்கும்போது நல்ல லேபில் பிரிண்ட் போடுங்கள். இங்கே இருக்கிற பிரிண்டரில் முகம் பச்சையடிக்கும்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதில் சந்தனத்தைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டீர்கள். அதையும் சேருங்கள். கண்ணெதிரே ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கும்போது வேலை முடியட்டும் என்றவன் அவன். அப்படிப்பட்ட ஒருவனை இன்றுவரை எப்படி வெளியே விட்டுவைத்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.